ஹாஜியாரின் அபூர்வமான வருத்தம்

மதுரங்குளி லத்தீப் ஹாஜியாரின் மூளைக்குள் ஓர் இரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதிக்கொண்டிருப்பதைக் கொழும்பு டொக்டர் படத்தில் காட்டினார். வெடித்தால் ஆள் தப்புவது கஷ்டம். மண்டையைத் திறந்து, ஊதின இடத்தின் கழுத்தில் கிளிப் போட வேண்டும் என்றார்.

"இந்த வருத்தம் இந்த இடத்தில வாறது சரியான அபூர்வம்."

ஹாஜியாரின் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது. ஊருக்கு வந்ததும், மந்திரிமாரோடு அவர் நிற்கும் படங்களுக்கு நடுவில் ஸ்கேன் படமும் சுவரில் ஏறியது.

"ஜவ்பர்ட வாப்பாக்கும் தலையில கட்டி எண்டாங்களே ஹாஜியார்?" என்பார் பார்க்க வந்த ஒருவர்.

"அது சும்மா கட்டி."

பெண்சாதி முனவ்வரா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். மனிசன் மவுத்தாகலாம் என்று தனக்குள்ளே சொல்லிப் பார்த்தாள். யாரோ வேறொருத்தியின் மனிசனைப் பற்றிய கதை போலிருந்தது.

மன்னாரில் அவளுடைய உம்மா மவுத்தான அன்றும் அப்படித்தான். அன்றைக்கென்று வீட்டில் மந்திரிக்குச் சஹன், பெரிய தாலத்தைச் சுற்றிக் கூடியிருந்து சாப்பிடும் விருந்து. "நீ போய் மையத்த எழுப்பவா போறாய்? சஹன ஆரு பாக்கிறது?" என்று கேட்டார் ஹாஜியார். உம்மாவை அடக்கிய நேரம், முனவ்வரா அந்தச் சஹன் சோற்றுக்கு வெங்காயம் பொரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் பெரிதாக உறைக்கவில்லை.

பெரிய ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள் தெரிந்தவர்களிடம் மாப்புக் கேட்டுவிட்டுப் போவது வழமை. மற்றவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். ஹாஜியார் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டிக் கேட்டார்.

"ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க!"

கூட்டம் கண்ணைத் துடைத்தது. பக்கத்துத் தென்னங்காணிக்காரன் பேதுரு விம்மி விம்மி அழுதான். "என்ட காணிக்குள்ள வேலி போட்டத்தையும் பொறுத்தன் ஹாஜியார்!" ஹாஜியார் அவனைக் கட்டிப்பிடித்தார், படம் எடுத்தார்கள். வேலி போட்ட இடத்திலேயே நின்றது.

முனவ்வரா குசினித் திரைக்குப் பின்னால் நின்றாள். தன்னிடமும் கேட்பார் என்று காத்திருந்தாள். உம்மாவின் மையத்துக்கு விடாததற்கு ஒரு சொல். கேட்டால் என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் கேட்காமல் இந்த மனிசன் மவுத்தாகிவிடக் கூடாது.

கொழும்பில், ஒப்பரேஷன் தியேட்டர் கதவடியில், மொட்டைத் தலையும் பல்செட் இல்லாத வாயுமாக, தள்ளுகட்டிலில் ஹாஜியார் சிறுத்துக் கிடந்தார். விரலை அசைத்து அவளைக் கூப்பிட்டார். முனவ்வரா குனிந்தாள்.

"முனவ்வரா..."

"சொல்லுங்க."

"ஆரும் கேட்டா அபூர்வம் எண்டு சொல்லு. கட்டி எண்டு சொல்லிப் போடாத."

"ஓம்."

கதவு மூடிக்கொண்டது.

வெகுநேரம் கழித்து டொக்டர் வெளியே வந்தார். கிளிப் சரியாகப் பிடித்துவிட்டதாம், இனிப் பயமில்லையாம். ஹாஜியாரின் தம்பி நிஸார் சுவரில் சாய்ந்து அழுதான். "நீங்களும் அழுறதெண்டா அழுங்கம்மா," என்றார் டொக்டர். முனவ்வரா உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"இங்க தேத்தண்ணி எங்க எடுக்கலாம்?" என்று கேட்டாள்.

ஹாஜியார் வீட்டுக்கு வந்ததும் பேதுரு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"சுகமானது பெரிய சந்தோசம் ஹாஜியார். அந்த வேலி..."

"பொறுத்திட்டாய்தானே?"

"சாகப்போற மனிசன் எண்டில்லோ பொறுத்தன்!"

அவன் போனதும் ஹாஜியார் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். "முழு ஊரும் மாப்புத் தந்திட்டுது. ஒருத்தர் பாக்கியில்ல. முனவ்வரா! வெள்ளிக்கிழமை மந்திரி சுகம் விசாரிக்க வாறார். சஹன் வைக்கணும்."

முனவ்வரா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் இல்ல. மன்னாருக்குப் போறன்."

"மன்னார்ல உனக்கு ஆரு?"

"உம்மா."

"உம்மா மவுத்தாகி எவ்வளவு காலம்!"

"ஓம். கொஞ்சம் பிந்திட்டன்."

ஹாஜியாரின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. நிஸார் பாய்ந்து வந்து தமையனைத் தடுத்தான். "நானா! சத்தம் போட வேணாம் எண்டு டொக்டர் சொன்னாரே!"

ஹாஜியார் வாயை மூடினார். கை தானாகப் போய்த் தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அந்த வீடு ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்:

"அப்ப சஹன்?"

"பிழையெண்டா வந்து மாப்புக் கேக்கிறன்," என்றாள் முனவ்வரா. அபாயாவை எடுக்க உள்ளே போனாள்.