சிவப்பு மூடி

"இல்ல, முதல்ல சேறு. சேறு முடியிற இடத்துல தார் ரோடு. முன்சக்கரம் தார்ல ஏறினதும் சுவிட்சைத் தட்டினேன். தட்டினேன்ல?"

"தட்டினேன்னுதான் பதினோரு நாளா சொல்லிட்டு இருக்கீங்க," என்றாள் அக்கா.

"சொல்றேன். ஆனா நான் தட்டினது அன்னைக்கா, இல்ல போன மழையிலயா? இப்ப அதுதான் பிடிபடல."

அக்கா மாமாவின் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் திங்கட்கிழமை, மாமாவுக்கு மறுபடி லாரி கொடுக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பா லாரியாக நின்றது. கை துடைக்கும் துண்டு சேறாகக் கிடந்தது. டப்பாவின் தலையில், சுவிட்சு இருக்கவேண்டிய இடத்தில், மாமா ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மூடியை வைத்திருந்தார். விரல்நகம் அளவுதான் இருக்கும். துணி துவைக்கும்போது என் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பொத்தானும் ஊக்கும் கிடக்கிற கிண்ணத்தில் அக்கா போட்டு வைத்தது.

"மாப்ள, நீதானே மாட்டின. நீ சொல்லு. சுவிட்சைத் தட்டினா விளக்கு அணையும்."

"அணையும் மாமா."

"அணைஞ்சுது. நான் பார்த்தேன்." மூடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "பார்த்த மாதிரிதான் இருக்கு."

மாமா கல்குவாரியில் இருபத்திரண்டு வருடமாக டிப்பர் ஓட்டுகிறவர். நான் அதே குவாரியின் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான். தங்குவதும் அவர் வீட்டில்தான்.

மழை பிடித்துவிட்டால் எங்கள் பள்ளத்திலிருந்து லாரிகள் மேலே ஏறி வருவது பெரும்பாடு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. அதற்கு இடம் கொடுக்கத்தான் பின் அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. சேற்றில் அதே டிஃபரன்ஷியல் காலை வாரிவிடும். வழுக்குகிற சக்கரம் வெட்டியாகச் சுழலும். பிடிப்பு கிடைத்த சக்கரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். டிஃபரன்ஷியலுக்கு லாக் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும், லாரி ஏறிவிடும். ஆனால் தார் ரோட்டுக்கு வந்த பிறகு லாக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் பாரம் ஏற்றிய லாரி நேராகத்தான் இழுக்கும்.

"சேத்துல புருஷன் பொண்டாட்டி மாதிரி சேர்ந்து இழுக்கணும், ரோட்டுக்கு வந்ததும் அவங்கவங்க போக்குல விட்டுடணும்," என்பார் எங்கள் ஃபோர்மேன். "எங்க வீட்ல மட்டும் மாத்தி நடக்குது."

மாமாவின் லாரி நேராகப் போனது. குவாரி வாசலில் வலது பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல், எடைமேடை அறையின் சுவரை உடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே உட்காருகிற கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார். அவருடைய நாற்காலி அப்பளமாக நொறுங்கியது. அதை இன்னும் யாரும் அப்புறப்படுத்தவில்லை. வாசலில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் கிடக்கிறது.

அன்றிலிருந்து மாமாவுக்கு லாரி கிடையாது. வாசலில் நின்று, வெளியே போகிற லாரிகளின் சக்கரங்களுக்குக் குழாயால் தண்ணீர் அடிக்கிற வேலை. அவரிடம் ஓட்டப் பழகியவர்களெல்லாம் லாரியின் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

"என்ன நேர்கோடு, தண்ணியையாவது கொஞ்சம் வளைச்சு அடிங்க!"

மாமா அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். ஒர்க்ஷாப் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் சிரிப்பது தெரியும். நான் அந்த ஜன்னல் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

புது லாக்கைப் பொருத்தியது நான். விபத்துக்கு இரண்டு நாள் முன்பு. மழை வந்து மாமா அதை முதல்தடவை போட்டது விபத்தன்றுதான்.

அது காற்றில் வேலை செய்கிற லாக். சுவிட்சைப் போட்டால் ஒரு வால்வு திறந்து, காற்று உள்ளே போய் லாக்கைத் தள்ளும். நிறுத்தினால் அதே வால்வின் இன்னொரு துளை வழியாகக் காற்று வெளியேறும், ஸ்பிரிங் லாக்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். புது வால்வுக்குள் தூசி போகாமல் இருக்க, மூன்று துளைகளுக்கும் சிவப்பு மூடி போட்டு அனுப்புவார்கள். நான் இரண்டைக் கழற்றினேன். காற்று உள்ளே போக வழி இருந்தது. வெளியே வர வழி இல்லை.

பொருத்திய பிறகு அச்சை ஜாக்கியில் தூக்கிப் பார்க்க வேண்டும். லாக்கைப் போட்டுவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் அடுத்த சக்கரமும் அதே பக்கம் சுற்ற வேண்டும். லாக்கை எடுத்துவிட்டுச் சுற்றினால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். முதலாவதைச் சோதித்தேன். இரண்டும் ஒரே பக்கம் அழகாகச் சுற்றின. அப்போது மாமா ஒர்க்ஷாப் வாசலில் வந்து நின்றார்.

"முடிஞ்சுதா மாப்ள? லோடு காத்திருக்கு."

"இன்னும் ஒரு செக் இருக்கு மாமா."

"நீ கை வச்சதுக்குச் செக் வேறயா?"

அவர் அதைச் சத்தமாகச் சொன்னார், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜாக்கியை இறக்கினேன். சோதனைத் தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டிலும் டிக் போட்டேன்.

லாக் விழுந்திருப்பதை டிரைவருக்குக் காட்டுகிற விளக்கும் என் கைங்கரியம்தான். அச்சில் இருக்கிற சென்சாரிலிருந்து அதற்கு ஒயர் வந்திருக்க வேண்டும். என்னிடம் இருந்த ஒயர் இரண்டு முழம் குறைந்தது. புது ஒயர் வரும்வரை இருக்கட்டும் என்று சுவிட்சிலேயே கொடுத்துவிட்டேன். ஆகவே மாமா சுவிட்சைத் தட்டியதும் விளக்கு அணைந்திருக்கும். சக்கரம் என்ன செய்கிறது என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

விபத்தன்று மத்தியானம் லாரியை இழுத்து வந்தார்கள். "நான் பார்க்கிறேன்," என்று முந்திக்கொண்டு அடியில் புகுந்தேன். டார்ச் வெளிச்சத்தில் மூடி பளிச்சென்று தெரிந்தது. நகத்தால் நெம்பினேன். ஸ்ஸ் என்று காற்று என் முகத்தில் அடித்தது; அச்சுக்குள் டொக் என்று ஒரு சத்தம். லாக் விட்டுவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க எடைமேடை கிளார்க்கையும் ஃபோர்மேனையும் மேனேஜரையும் கூப்பிட்டிருக்கலாம். நான் மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே இருந்து இரண்டு கால்கள் வருவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"என்னப்பா, லாக் எப்படி இருக்கு?" என்றார் ஃபோர்மேன்.

"சரியா இருக்கு சார்."

அந்த நிமிடம் அது உண்மை.

"அப்ப டிரைவர்தான்," என்று அவர் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே புது ஒயரைத் தேடிப் பிடித்து, விளக்கைச் சென்சாருக்கு மாற்றினேன். யாரும் சொல்லாமலேயே. ஃபோர்மேன் என் தோளில் தட்டி, "மாமா வண்டின்னதும் அக்கறையைப் பாரு," என்றார்.

மேனேஜர் மாமாவிடம் ஒரு தாளை நீட்டினார். மறந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் லாரி திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் தண்ணீர்க் குழாய்தான். ஒரு வாரம் மாமா அசையவில்லை. "மறக்காததை மறந்தேன்னு எப்படிப் போடுறது?" என்றார். வெள்ளிக்கிழமை ஒர்க்ஷாப் ரிப்போர்ட்டைக் காட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் என் கையெழுத்து. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்:

"நீயே பார்த்து எழுதியிருக்கன்னா, அப்ப நான்தான் மறந்திருக்கேன். போட்டுக் குடுத்துட்டேன்."

அந்த இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அக்கா தண்ணீர் ஊற்றினாள். குடித்தேன். வார்த்தையும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் மாமா மாறினார். படி இறங்கியவர் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். கேஸை மூடினோமா என்று மூன்று தடவை கேட்கிறார். நேற்றுக் குளியலறைக் குழாயை மூடிவிட்டு, அதற்கு முன்னால் நின்று, "மூடிட்டேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எங்கள் எல்லாருடைய பிறந்த நாளும், பழைய லாரிகளின் நம்பர்களும் தலைகீழாய்ச் சொல்கிற மனிதர்.

"போதும், அந்த டப்பாவை உள்ள வைங்க," என்றாள் அக்கா. "எறும்பு வரும். நாளைக்கு நல்லபடியா ஓட்டுங்க, அது போதும்." சட்டையை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

அவள் போகும் வரை மாமா காத்திருந்ததுபோல இருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, அவகிட்ட சொல்லாத. நாளைக்கு வண்டில ஏறணும்னா உள்ளுக்குள்ள நடுங்குது."

சேறாகக் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"அந்த நாற்காலியில ஆள் இருந்திருந்தா? அதைத்தான் நினைச்சுட்டே இருக்கேன். மறந்தவன் இன்னொரு தடவை மறக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"மாமா..."

"இரு, சொல்லி முடிச்சுடறேன். விளக்கு எனக்குப் போதாது. ஒரு பஸ்ஸர் வேணும். லாக் விழுந்திருக்கிற வரைக்கும் காது கிழியக் கத்தணும். பசங்க சிரிப்பானுங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா வேற யார் மாட்டினாலும் எனக்குச் சந்தேகமாவே இருக்கும். நீ மாட்டினா நம்பி ஓட்டுவேன்."

டப்பாவின் தலையிலிருந்து சிவப்பு மூடியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினார்.

"இதுதான் பஸ்ஸர்னு வச்சுக்க. எங்க மாட்டுவ? வச்சுக் காட்டு."