ஆறு குழந்தைகளின் எடை

ஆறில் ஆறு. அப்படியானால் நூற்றுக்கு நூறா? அப்படிச் சொல்ல சிஸ்டரக்காவுக்கு நாக்கு எழவில்லை.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஆராய்ச்சி படிக்க வந்தவள். புள்ளியியல் வகுப்பில் உடன் படிப்பவர்கள் வைத்த பெயர்தான் சிஸ்டரக்கா. பாலூட்டுமுன் கன்னத்தை விரலால் நீவிவிட்டால், குழந்தை ஒரு வாரத்துக்குள் குழாய் இல்லாமல் உறிஞ்சிக் குடிக்கிறதா என்பது அவள் ஆய்வு. நீவிவிட்ட ஆறு குழந்தைகளும் குடித்துவிட்டன. அடுத்து நீவிவிட வேண்டிய ஏழாவது குழந்தையின் அம்மா காலையில் கேட்டிருந்தாள்: "எம் பொண்ணு குடிச்சிடுவாளா சிஸ்டர்? உள்ளதைச் சொல்லுங்க." வகுப்பு முடிந்ததும் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

புதிதாகப் பார்த்ததோடு முன்பே தெரிந்ததையும் சேர்த்து எண்ணுவதுதான் பேயஸ் முறை என்று ஆசிரியை சொல்லியிருந்தாள். சிஸ்டரக்கா அதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டு, பழைய பதிவேட்டின் நானூறு குழந்தைகளையும் கணினியில் ஏற்றிவிட்டாள். நீவிவிடாத அந்தக் காலத்தில் பத்துக்கு ஏழு குடித்திருந்தன. விடை வந்தது: எழுபது சதவீதம். பழைய எழுபது அப்படியே இருந்தது.

"கடல்ல கரைச்ச பெருங்காயமாப் போச்சுக்கா உங்க ஆறும்," என்றான் அதே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பல் டாக்டர்.

"ஒவ்வொண்ணும் மூச்சுத் திணறித் திணறிக் குடிச்சுதுப்பா." என்றாள் சிஸ்டரக்கா.

அவளைவிடப் பதினைந்து வயது இளையவளான ஆசிரியை நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தாள். "தப்பு என்னோடதுக்கா. சேர்க்கச் சொன்னேன், எவ்வளவுன்னு சொல்லலை. அந்த நானூறும் கன்னம் நீவாத குழந்தைங்க, தூரத்துச் சொந்தம் மாதிரி. யோசனை கேக்கலாம், வீட்டுச் சாவியைக் குடுக்கக் கூடாது. நீவிவிட்ட குழந்தைங்க எத்தனையைப் பாத்தா, பழசுக்குச் சமமா இதையும் நம்புவீங்க?"

சிஸ்டரக்கா கண்ணை மூடி மனசுக்குள் வார்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். "ஒரு வரிசை. பத்துத் தொட்டில்."

"அப்ப அந்த நானூறோட, உங்க அனுபவத்தோட எடை பத்துக் குழந்தைதான்."

"இருபது வருஷத்துக்கு வெறும் பத்தா மேடம்?"

"இந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான்க்கா."

சிஸ்டரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதினாள்: பழைய பத்தில் ஏழு, புதிய ஆறில் ஆறு. கூட்டினால் பதினாறில் பதின்மூன்று. நூற்றுக்கு எண்பத்தொன்று.

வார்டுக்குப் போய், கையைக் கழுவிக்கொண்டு, ஏழாவது குழந்தையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்படி அஞ்சு குழந்தை இருந்தா நாலு ஒரு வாரத்துல தானாக் குடிச்சிடும்மா. இவ அந்த அஞ்சாவதா இருந்தா, இன்னும் கொஞ்ச நாள் குழாய்ல குடுப்போம்."