பத்துக்கு எட்டு

அண்ணன் பஸ் ஓட்டிய காலத்தில், வீட்டுக்குள் ஆள் நுழைவதற்கு முன்பே பேச்சு நுழைந்துவிடும். பஸ்ஸில் தினமும் தூங்கி வழியும் குடைக்காரரைப் போலத் தலையை ஆட்டிக் காட்டுவான். இறங்கும் இடம் வந்ததும் அவரை எழுப்பிவிடுவது இவன்தான். கேட்டுத் தங்கை வயிறு வலிக்கச் சிரிப்பாள். வாயே திறக்காத அவளுக்கு அவன் வைத்த பெயர் வாயாடி.

அவன் வேலைக்குப் போவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. இப்போது பேசுவதெல்லாம் மனச்சோர்வுக்குப் பார்த்த மருத்துவமனையில் அவன் போனில் ஏற்றிக்கொடுத்த செயலியிடம்தான். பால்கனியில் உட்கார்ந்து முணுமுணுப்பான். முதல் மாதம் அழுதான். அது சலிக்காமல் கேட்டது. பேசிப் பேசி நாலு வாய் சாப்பிடவைத்ததும் அதுதான். அந்த நன்றி அவளுக்கு உண்டு. அவன் பேச்சில் ஒரு வார்த்தைகூட நமக்கு மிஞ்சவில்லையே என்ற ஏக்கமும் உண்டு.

கடைசியில் தினமும் அது ஒரே கேள்வி கேட்கும்: "இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது? பத்துக்கு எவ்வளவு?"

சனிக்கிழமை அவள் போனுக்குச் செயலியிலிருந்து தகவல் வந்தது. நல்ல முன்னேற்றமாம். மருத்துவரைப் பார்ப்பது மூன்று மாதம் தள்ளிப்போகிறதாம்.

அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். போய் அண்ணனின் அலமாரியைத் திறந்தாள். மூன்று வாரத்துக்கு முன் அவள் தேய்த்து அடுக்கிய ஐந்து சட்டைகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

ஒன்றை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"அதுகிட்ட எவ்வளவுன்னு சொல்றண்ணே?"

"எட்டு."

"தினமுமா?"

"எட்டுன்னா அதுக்கு ஒரே சந்தோஷம். குறைச்சா டாக்டருக்குச் சொல்லிடும். அவர் உன்னக் கூப்பிடுவார். நீ வேலைய விட்டுட்டு எனக்குக் காவல் இருப்ப."

"இருந்தா என்ன? இஸ்திரிப் பெட்டி கோவிச்சுக்குமா?"

அவன் உதடு லேசாகக் கோணியது.

சட்டையை அவன் மடியில் வைத்தாள். "இது எட்டு சொல்ற ஆளோட சட்டையா? இப்ப நான் கேக்குறேன். பத்துக்கு எவ்வளவு?"

கீழே ஒரு வண்டி கடந்து போனது. "ரெண்டு" என்றான். பிறகு, "சில நாள் அதுவும் இல்ல, வாயாடி."

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவள் அவன் போனை எடுத்து நீட்டினாள். "அதையே அதுகிட்டயும் சொல்லு."

இரண்டைத் தொட்டான். மருத்துவர் இன்றே அழைப்பார், அதுவரை யாராவது உடன் இருக்கட்டும் என்றது செயலி.

"இருக்கேன்" என்று அவள் போனைப் பார்த்தே சொன்னாள்.

இருவரும் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் கேட்டாள். "குடைக்காரர் இப்பவும் தூங்குவாரா?"

அவன் சாலையைப் பார்த்தான்.

"தூங்குவார். யார் எழுப்பி விடுறாங்களோ."