கொம்புக் குருத்தில் குங்குமம்

என் மாமியார் விஜயலக்ஷ்மி மாமி என்னை ஊருக்கெல்லாம் ‘டாக்டர்’ என்று சொல்லி வைத்திருந்தார். என்ன டாக்டர் என்று யாராவது தோண்டினால், “கவர்ன்மென்ட்ல” என்று பேச்சை மாற்றிவிடுவார். மயிலாப்பூர், சைதாப்பேட்டை மாடுகளின் பின்பக்கம் முழங்கை வரை கைவிட்டுச் சம்பாதித்துத்தான் தொண்ணூற்றாறில் தி.நகரில் இரண்டாவது மாடி ஃபிளாட் வாங்கினேன். அதன் கிருகப்பிரவேசத்தன்று தொழிலைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று மாமி சத்தியம் வாங்கியிருந்தார். அமெரிக்காவிலிருந்து அவருடைய அண்ணன் பிள்ளை அச்யுத் வந்திருந்தான். ஹார்ட் டாக்டர். அவன் எதிரில் மாமியின் மானம் போகக் கூடாது. என் மானமும்தான், பொய் சொல்வானேன்.

முகூர்த்தத்துக்குப் பசுவும் கன்றும் யார் மூலமாகவோ ஏற்பாடாகியிருந்தன. பசு மாடிப்படியைப் பார்த்ததும் மாட்டேன் என்று நின்றுவிட்டது. கன்று மட்டும் வந்தால் போதும் என்று வேம்பு சாஸ்திரிகள் சாஸ்திரத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். பத்து நாள் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தவளைப் பார்த்ததும் சாஸ்திரிகளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். மயிலாப்பூர் பால்காரி கன்னியம்மா.

முந்தின நாள் சாயங்காலம்தான் அந்தக் கன்றின் கொம்பை நான் தீய்த்திருந்தேன். கன்னியம்மாவின் பழைய மாடு மார்க்கெட்டில் ஒருவரைக் குத்தி, போலீஸ் வரைக்கும் போய்விட்டது. “இதுக்குக் கொம்பே வாணாம் டாக்டரு” என்று இழுத்து வந்தாள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பது ஒரு முறை. எங்கள் ஆஸ்பத்திரியின் மின்சாரச் சூட்டுக்கோலைச் சொருகினால் ஃப்யூஸ் போய்விடும். வளர்ந்த மாடு என்றால் கம்பி ரம்பத்தால் அறுக்க வேண்டும். கன்றுக்குச் சுலபம் காஸ்டிக் என்னும் காரக் குச்சி. பார்க்க சாக்பீஸ் மாதிரி இருக்கும். கொம்புக் குருத்தின் மேல் முடியை வெட்டி, சுற்றிலும் வாஸ்லின் தடவி, குச்சியை நனைத்துத் தேய்த்தால் குருத்து வெந்துவிடும். இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது, பட்டால் காரம் கரைந்து கண்ணில் வழியும், அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டு அலம்ப வேண்டியிருக்கும் என்று மூன்று தரம் சொல்லி அனுப்பியிருந்தேன்.

“இன்னா டாக்டரு, நீ இங்க இன்னா பண்ணிக்கினு கீற?” என்றாள் கன்னியம்மா. நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் புரிந்துகொண்டு கன்றை இறக்கி, கூடத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள்: “விசேசமாச்சேன்னு மஞ்சத் தண்ணி ஊத்திக் குளுப்பாட்டி இட்டாந்தேன்.”

கன்றின் தலை முழுக்க மஞ்சள். குருத்து இருந்த இரண்டு இடங்களில் மட்டும் செக்கச்செவேல் என்று இரண்டு வட்டம்.

“குங்குமம் தானா பூத்திருக்கே! அம்பாளே ஆத்துக்கு வந்துட்டா!” என்றார் மாமி. சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டார். கூடமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். பக்தி முற்றினால் அது மறந்துவிடும் போலிருக்கிறது. இங்கே சுண்ணாம்பின் வேலையை என் காஸ்டிக் செய்திருந்தது.

மாமி அந்தச் சிவப்பை விரலால் தொட்டார். அடுத்து கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் வாயைத் திறந்தால் மானம் போகும், மூடிக்கொண்டிருந்தால் மாமியின் கண் போகும். ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

“கண்ணுல வெக்காதீங்கோ மாமி! அது குங்குமம் இல்லே, காரம்! நான் மாட்டு டாக்டர், நேத்து நான்தான் தேச்சேன்!” என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கட்டடத்துக்கு இன்னும் மோட்டார் வைக்கவில்லை. தண்ணீர் டிரம் எல்லாம் கீழே சமையல்காரரிடம் இருந்தது. மேலே இருந்த தண்ணீர் பூஜைக் கலசத்தில் மட்டுமே. தேங்காயையும் மாவிலையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மாமியின் விரலை உள்ளே அமுக்கினேன்.

“ஐயையோ, கங்கையை ஆவாஹனம் பண்ணியிருக்கேனே!” என்று அலறினார் சாஸ்திரிகள்.

“நல்லதாப் போச்சு. அலம்பிண்டே இருக்கட்டும்” என்றேன்.

அச்யுத் ஐஸ் கேட்டான். ஃப்ரிட்ஜே இன்னும் வந்திருக்கவில்லை.

மாமி என்னைக் கிழிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது புதுச் சுவரில் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒரு விரலுக்கே இப்படி எரியறதே. ராத்திரி பூரா அது என்ன பண்ணித்து?”

“கத்திக்கினே இருந்திச்சும்மா” என்றாள் கன்னியம்மா.

“மரத்துப்போக ஊசி கீசி கிடையாதா மாப்பிள்ளை?”

உண்டு. என் அலமாரியிலேயே இருந்தது. பதினொரு வருஷ சர்வீஸில் ஒரு கன்றுக்கும் நான் அதைப் போட்டதில்லை.

“மாடுதானேன்னு விட்டுட்டேன்” என்றேன்.

மாமி விரலை வெளியே எடுத்தார். கலசத்தை என் பக்கம் தள்ளினார்.

“முதல்ல அதுக்கு ஊத்துங்கோ.”