பன்னிரண்டு கேள்விகளும் எழுதாத ஒன்றும்

பட்டறையில் அவருக்கு 'நூல்' என்று பெயர். லேத்தில் நாற்பது வருடம் இரும்பு கடைந்தும் ஒரு நூல் அளவுகூடப் பிசகாத கை. அப்படிப்பட்ட மனிதருக்கு அறுபத்து நாலாவது வயதில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய்.

டாக்டரம்மா மூன்று வழி சொன்னார்: அறுவை சிகிச்சை, சாதாரணக் கதிர்வீச்சு, புரோட்டான் கதிர்வீச்சு. முதல் இரண்டும் இங்கேயே உண்டு. புரோட்டானுக்கு வேறு நகரத்தில் எட்டு வாரம் தங்க வேண்டும். சாதாரணக் கதிர் உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். புரோட்டான் சொன்ன ஆழத்தில் நின்றுவிடும். நூலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை என்று சொல்லிவிட்டு, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

உள்ளுக்குள் இருந்த பயம் வேறு. வைத்தியத்துக்குப் பிறகு மனைவிக்குத் தான் புருஷனாக இருக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அது. இந்த வயதில் இதுவும் ஒரு கவலையா என்று கேட்பவர்களுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை என்று அர்த்தம். புரோட்டான் அதைக் காப்பாற்றிக் கொடுக்கும் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். வாய்விட்டு யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த முறை போகும்போது பென்சிலால் பன்னிரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போனார். எத்தனை மில்லிமீட்டர் துல்லியம், தினமும் அளவு சரிபார்ப்பது யார், நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்... பன்னிரண்டும் மெஷினைப் பற்றித்தான். டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "மெஷின் அசையாது. நீங்கதான் அசைவீங்க. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா அந்தச் சுரப்பி ஒரு இடத்துல இருக்கும், காலியா இருந்தா வேற இடத்துல இருக்கும்" என்றார்.

பிடிமானம் இல்லாத இரும்பை எந்த லேத்தில் போட்டாலும் கதை அதுதான் என்று நூலுக்குத் தெரியாதா? இதுவரை நடந்த ஆய்வுகளில் இரண்டு கதிருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றும் டாக்டரம்மா சொன்னார். நூல் காகிதத்தை மடித்தார்.

பக்கத்தில் இருந்த மனைவி, தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பது வருடமாக உட்காருகிறவர், நிதானமாகக் கேட்டார்: "ஒண்ணு விட்டுப்போச்சு டாக்டர். நாங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கறதுக்கு எதுல சேதம் கம்மி?"

நூலுக்குக் காது வரை சுட்டது.

எதிலும் கொஞ்சம் குறையலாம், புரோட்டானில் குறையாது என்று உறுதி சொல்ல முடியாது, குறைந்தால் மருந்து இருக்கிறது என்றார் டாக்டரம்மா. யோசித்துச் சொல்வதாக இருவரும் வெளியே வந்தார்கள்.

வராந்தாவில் நடந்துகொண்டே நூல், தன் மனசில் இருந்தது எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"மெஷினைப் பத்திப் பன்னெண்டு கேள்வி எழுதினீங்க. உங்களைப் பத்தி ஒண்ணுகூட இல்லையே."

அவர் மடித்த காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார். புரோட்டானுக்கே போய்விடலாமா என்று இன்னொரு தரம் இழுத்தார்.

"எனக்கு லீவு கிடைக்காது. எட்டு வாரம் நீங்க அங்க, நான் இங்க. நாம சேர்ந்து இருக்கறதைக் காப்பாத்தத்தானே இந்த வைத்தியம்?"

நூல் நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மனைவியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார். இங்கேயே சாதாரணக் கதிர் வைத்துக்கொள்வதாகச் சொல்லித் தேதி கேட்டார். அப்புறமும் நகரவில்லை.

"மருந்து இருக்குன்னீங்களே டாக்டர், அது என்ன மருந்து?"