முலாம் பட்டறைத் தண்ணீர்

ஐரின் சோதனைக் குழாயில் மருந்தை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். நிக்கல் முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீர் என்றால் இந்நேரம் சிவந்திருக்க வேண்டும். துளிகூடச் சிவக்கவில்லை. புட்டியை முகர்ந்து பார்த்தாள். குளோரின் வாசனை.

புட்டியைக் கொண்டுவந்தவன் அவளுடைய அண்ணன் ஜான்சன். சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பட்டறைக்கு அவன்தான் சூப்பர்வைசர். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கேட்ட சான்றிதழுக்கு, அடையாறில் எத்தனையோ லேப் இருக்க, தங்கை வேலை பார்க்கும் இடமாகப் பார்த்து வந்திருந்தான். வாசல் நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, இத எங்க புடிச்சீங்க?"

"எங்க புடிப்பாங்க? எங்க கழிவுக் குழாயிலதான்."

"இது வீட்டுக் கொழாய்ல வர்ற மெட்ரோ தண்ணி. நிக்கல் கொஞ்சமாவது இருக்கணும். துளிகூட இல்லன்னா யாரு நம்புவாங்க?"

ஜான்சன் சிரித்தான். "அப்போ கொஞ்சம் கலந்து எட்தாரட்டா சயின்டிஸ்ட்டு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யோசனை சொல்லிக் கொடுத்ததே தான்தானோ என்று பயமாக இருந்தது.

"அப்பா கதைய நீயும்தான கேட்ட?" அவன் குரல் இறங்கியது. "தண்ணி நல்லா கீதுன்னுதான் அந்தக் காலத்து யாவாரிங்க வந்தானுங்க. ஆளாளுக்கு ஆத்துல கொட்னானுங்க. கடசியா வந்த எங்க தலைலயா கட்டுவீங்க? பட்டறைய மூடிட்டா நான் எங்க போவேன்? உங்கண்ணி எஸ்தருக்கு இது ஏழாம் மாசம், பாப்பா."

அப்பா பிலிப் சரித்திர வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சின்னமலைச் சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிடுவார். இந்தக் கரையில் தறிகள் ஓடின, ஆற்றில் அலசி மணலில் காயப்போட்ட துணி கோட்டைக்குப் போய்க் கப்பலேறியது, ஆர்மீனிய வியாபாரி ஒருவர் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார் என்பார். மில் துணி வந்து தறிகள் அடங்கியதையும், தகரக் கொட்டகைகள் முளைத்ததையும் சொல்லும்போது மட்டும் அவசரப்படுவார். அண்ணனும் தங்கையும் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள்.

"நானே வந்து புடிக்கிறேன்" என்றாள் ஐரின். சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அண்ணனின் பைக்கில் ஏறி ஆற்றங்கரைக்குப் போனார்கள். பட்டறையின் பின்சுவரிலிருந்து பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஆற்றைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. சுவரில் இறங்கிய பச்சைக் கறை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

"வால்வு மூடிக்கீது. யார்னா வந்தா மூடிருவானுங்க" என்றான், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

அவள் சேற்றில் குந்தி, புதுப் புட்டியைத் திறந்து குழாய்க்குக் கீழே பிடித்தாள்.

"எய்ந்திரு பாப்பா. போலாம்."

அவள் எழவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். பைக் கிளம்பும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மாறாக, தகரச் சுவருக்கு உள்ளே யாரோ ஏதோ கத்தினார்கள். இரும்பு கிறீச்சிட்டது. குழாய் இருமியது, ஒருமுறை துப்பியது, பிறகு தண்ணீர் வெதுவெதுப்பாக அவள் விரல்களில் விழுந்தது.

எப்போதும் செய்வதுபோல் புட்டியை அதே நீரில் அலசிக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். நிமிர்ந்தபோது ஜான்சன் சுவரோரம் நின்றிருந்தான். வால்வின் துரு ஒட்டிய கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியின் பெயர். அவன் எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. புட்டிக்குள் இளநீர்க்காய்ப் பச்சையில் தண்ணீர் கழுத்துவரை ஏறிக்கொண்டிருந்தது.