விலங்கு மாட்டாத முதல் நாள்

"எழுதிடுங்கக்கா, ஒரே ஒரு வரி..."

"எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். நீ வண்டிய..."

"...'ஓடக்கூடியவள்'. ரெண்டு தடவ ஓடினவள வேற என்னன்னு எழுதுவாங்க?"

"...எடு தம்பி. நேரமாச்சு."

ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை. சிறுமியர் இல்லத்தின் வாசலில், ஸ்டியரிங் மேல் ஒரு படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவருகே நின்ற பெண் காவலரின் கையில் விலங்கு. பின் இருக்கையில் அந்தப் பதினாறு வயதுப் பெண், யாருக்கோ நடக்கும் சண்டையை வேடிக்கை பார்ப்பதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுச் சட்டம் அன்று காலையிலிருந்துதான் அமல். பதினெட்டு நிரம்பாதவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகும்போது விலங்கு மாட்டக் கூடாது. மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் காவலர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் நேரே நீதிபதியின் மேசைக்குப் போகும். நீதிபதி இன்று முடிவு செய்யப்போவதோ, இவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை. ஓடக்கூடியவள் என்று காவலரே எழுதிக் கொடுத்த பிறகு யார் அனுப்புவார்கள்?

ஓட்டுநர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மாவின் இரண்டாவது கணவனுடைய பைக்குக்குத் தீ வைத்துவிட்டு வந்தவள். இல்லத்துச் சுவரை இரண்டு முறை தாண்டியவள். இவளுக்கு 'முயல்' என்று பெயர் வைத்ததே அவர்தான். அக்கா ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருக்கிறது, இவள் கம்பி நீட்டினால் பென்ஷனும் கூடவே கம்பி நீட்டிவிடும் என்றார். சட்டம் எழுதினவர்கள் முயல் பிடிக்க வருவார்களா என்றும் கேட்டார்.

"மாட்டிடுங்க மேடம்," என்றாள் முயல். "எனக்குப் பழக்கந்தான். பாவம், அண்ணன் ரொம்பப் பயப்படுறாரு."

"வாயப் பாத்தீங்களாக்கா."

காவலர் விலங்கை முன்பக்கப் பெட்டியில் போட்டு மூடினார். படிவத்தை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

பதினொரு வருஷமாக அவருடைய இடது கை யாராவது ஒரு பெண்ணின் வலது கையோடு பூட்டித்தான் இந்த வழியில் போயிருக்கிறது. அதனாலேயே கைக்கடிகாரம் வலது மணிக்கட்டுக்கு மாறியிருந்தது. இன்று இடது கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார், சீட்டில் ஊன்றினார், திரும்ப மடிக்கே எடுத்துக்கொண்டார். கையைக்கூட வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா என்று முயல் கேட்டாள். காவலர் சிரிப்பை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் சித்தி எல்லோருக்கும் முன்பே வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சலவைக்கடையில் ஒருத்தியிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். தன்னுடைய பெண்ணின் கட்டில் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட்டாயிற்றாம். அலமாரியில் ஒரு தட்டையும் காலி செய்தாயிற்றாம். இன்று கூப்பிடும்போது போய் நிற்காவிட்டால் அடுத்த வாய்தா நாலு மாதம் கழித்துத்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். முயல் பெஞ்சின் மறு நுனியில் போய் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தபடி பாத்ரூம் போக வேண்டும் என்றாள்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு வழி இருந்தது. நீளச் சங்கிலியின் ஒரு முனை உள்ளே போகிறவள் மணிக்கட்டில், மறு முனை வெளியே காவலர் கையில். கதவு சங்கிலிமேல் சாத்தியிருக்கும். சங்கிலி அசைந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். இப்போது அதுவும் கூடாது, கதவு முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும்.

பெயின்ட் அடிக்கப் பின்பக்க ஜன்னலின் கம்பியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஓட்டுநர் காவலரின் காதில் கிசுகிசுத்தார். தானே போய் வெளியே நிற்கட்டுமா என்றார். பொம்பளைங்க பாத்ரூம் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றால் அந்த விலங்கு உனக்குத்தான் என்று காவலர் அவரை அனுப்பிவிட்டார்.

பிறகு அவளிடம், உள்ளே இருக்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டே இரு என்றார்.

முயலின் முகத்திலிருந்து அந்தக் கிண்டல் இறங்கிப்போனது.

"அங்க கூடவா மேடம்?"

காவலருக்கு எங்கோ சுருக்கென்றது. வேண்டாம், போய்விட்டு வா என்றார்.

தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறக்கும் சத்தம் வந்தது. தண்ணீர் வெகுநேரம் கொட்டியது. பிறகு நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் டவாலி வழக்கு எண்ணைக் கூப்பிட்டார். சித்தி எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தாள். காவலர் கதவை இரண்டு முறை தட்டினார். டவாலி மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தரம் கூப்பிட்டுவிட்டால் தேதி மாறிவிடும்.

ஓட்டுநர் ஓடி வந்தார். அந்தத் தாழ்ப்பாள் சும்மா பேருக்குத்தான், தோளால் ஒரு இடி இடித்தால் போதும், பறவை பறந்த பிறகு இடித்துப் பிரயோஜனம் இல்லை என்றார். குரலில் கேலி இல்லை.

காவலர் இடது உள்ளங்கையைக் கதவில் பதித்தார். பலகை லேசாக அசைந்து கொடுத்தது. ஓட்டுநர் சொன்னது உண்மைதான், ஒரு தள்ளு போதும்.

கையை எடுத்துவிட்டு, கதவின் இடுக்குக்கு வாயைக் கொண்டுபோனார்.

"கண்ணு, உன்னைக் கூப்பிடுறாங்க. நான் கதவைத் தள்ளப்போறதில்ல. நீயாத்தான் தொறந்துக்கிட்டு வரணும்."